மீன் குஞ்சுடன் வரும் அழையா விருந்தினர்

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளால் வாழும் வட்டாரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் கூடுகின்றன. ஆயினும் ஆண்டு முழுவதும் அவற்றில் நீர் ஓடுவதில்லை. ஆகையால் மழைநீரை ஏரிகளில் தேக்கி வைத்தே நம் முன்னோர் பயிர் செய்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றன. இன்று ஏரியிலும் குட்டையிலும் மீன் வளர்த்துப் பயன் பெறும் ஊர்களுக்கு அந்தப் பழைய கடமையோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. நம் நீர்நிலைக்குள் புதிதாக எந்த உயிர் நுழைகிறது என்று கவனிப்பதே அது.

ஓர் உதாரணத்துடன் பாடத்தைத் தொடங்குவோம். ஏரிக்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவினர் ஐந்து சென்ட் பரப்பில் நாற்றங்கால் குட்டை ஒன்று வெட்டியிருப்பதாகக் கொள்வோம். குஞ்சுகளை வளர்த்து, ஏரியில் மீன் பாசி ஏலம் எடுத்தவர்களுக்கு விற்பது அவர்களுடைய எண்ணம். ஆவணி மாதத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் நுண்குஞ்சுகள் அறுபதாயிரம் வாங்கி விட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கரையோரத்தில் முன்போல் குஞ்சுகள் தென்படவில்லை. அவற்றுக்குப் பதிலாக, முன்பின் கண்டிராத நான்கு வகை உயிர்கள் நீரில் திரிகின்றன.

“அக்கா, வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது. அதில் கொஞ்சம் கலந்து விடலாமா?” என்று இளையவள் ஒருத்தி கேட்கிறாள்.

“பொறு அம்மா. எது எதுவென்று தெரியாமல் மருந்தைக் கொட்டினால் நம் குஞ்சும் சேர்ந்து போய்விடும். முதலில் சீசாவில் எடுத்துப் பார்ப்போம்” என்கிறார் மூத்தவர்.

மூத்தவர் கூறியதே சரி. ஏன் சரி என்பதையும், சீசாவில் எடுத்த பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் இனிக் காண்போம்.

எவ்வழியே வருகின்றன?

அறியாத உயிர்கள் நம் குட்டைக்குள் நுழையும் வழிகள் நான்கு.

முதல் வழி, குஞ்சு வரும் பை. முற்காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை வெள்ளம் வரும் ஆறுகளில் வலையிட்டுச் சேகரித்தனர். அந்த வலையில் நல்ல குஞ்சும், பிற மீனைத் தின்னும் மீனின் குஞ்சும் ஒன்றாகவே வந்தன. கண்ணால் பிரித்தல் அரிது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் ஒடிசாவில் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பிறகு இனப்பெருக்கப் பண்ணைகளிலிருந்து கலப்பற்ற குஞ்சுகளைப் பெற வழி ஏற்பட்டது. எனினும் பண்ணைத் தொட்டியின் நீரிலும், பயணப் பையிலும், இடையே வைத்து விற்போரின் குட்டையிலும் வேறு உயிர்கள் கலந்துகொள்ள இடம் உண்டு.

இரண்டாம் வழி, நீர்ச்செடி. வேரிலும் இலையின் அடியிலும் நத்தை முட்டைகளும் புழுக்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மூன்றாம் வழி, அழகு மீன் தொட்டி. வீட்டில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால் அதைக் கொல்ல மனமின்றி ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகின்றனர். நான்காம் வழி, ஆகாயம். நீர்வண்டுகளும் நீர்ப்பூச்சிகளும் இரவில் பறந்து வந்து இறங்குகின்றன; தட்டான் பகலில் வந்து முட்டையிட்டுச் செல்கிறது.

கடல் தொட்டி கற்பித்த பாடம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. மேனாடுகளில் பலர் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிப் பவளங்களை வளர்க்கின்றனர். நம் நாட்டில் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களுக்கு முழுப் பாதுகாப்பு அளிப்பதால் கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றமாகும். அயல்நாட்டுத் தொட்டிகளில் வைக்கும் பாறைத் துண்டுகளின் பொந்துகளில் நண்டு, இறால், புழு, கடற்சாமந்தி எனப் பல உயிர்கள் ஒளிந்து வருகின்றன. தொடக்கத்தில், தெரியாத எதையும் கண்டவுடன் கொல்வதே வழக்கமாக இருந்தது. பிறகு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. அஞ்சத்தக்க தோற்றமுடைய முட்புழுக்களில் பெரும்பாலானவை மீதியான தீனியையும் செத்த உயிரையும் தின்று தொட்டியைத் தூய்மையாக்குபவை. அழகாகத் தோன்றும் சிறு கடற்சாமந்தி ஒன்றோ பவளத்தைக் கொட்டிக் கெடுப்பது. அதைப் பிய்த்து எறிந்தால் எஞ்சிய துணுக்கிலிருந்து மீண்டும் முளைத்துப் பெருகுவது.

நன்னீரிலும் இதற்கு ஒப்பான உயிர் உண்டு. ஹைட்ரா என்பது செடியில் ஒட்டியிருக்கும், நூல் போன்ற கைகளையுடைய மிகச் சிறிய பிராணி. 1740-களில் ஆபிரகாம் டிரெம்பிளே என்னும் ஜெனீவா நாட்டு அறிஞர், அது செடியா பிராணியா என்று அறியும் பொருட்டு அதை இரண்டாக வெட்டிப் பார்த்தார். இரு துண்டுகளும் இரண்டு முழு ஹைட்ராக்களாக வளர்ந்தன! பெயர் அறியாமல் நசுக்குவதும் வெட்டுவதும் சில வேளை பகையைப் பெருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சீசாவும் ஐந்து கேள்விகளும்

இனங்காண்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நிறமற்ற கண்ணாடிச் சீசா ஒன்று, வெள்ளைத் தட்டு ஒன்று, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை போதும். காஞ்சியின் நெசவாளர் பட்டு இழையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பழுது பார்ப்பது போல், சீசாவைக் காலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பொறுமையுடன் பார்த்தல் வேண்டும். குட்டையின் நான்கு மூலைகளிலிருந்தும் நீர் எடுக்க வேண்டும். பார்க்கும்போது கீழ்க்காணும் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்க.

1. கால்கள் உண்டா? எத்தனை? ஆறு கால் இருப்பின் அது பூச்சியினம்.
2. மூச்சு விட நீர்மட்டத்துக்கு வருகிறதா, அல்லது அடியிலேயே தங்குகிறதா?
3. எவ்வாறு அசைகிறது? துள்ளுகிறதா, துடுப்பிடுகிறதா, ஊர்கிறதா?
4. தனியே திரிகிறதா, மீனின் உடலைப் பற்றிக்கொண்டிருக்கிறதா?
5. ஓடு உண்டா? இருப்பின் அதன் சுற்று எப்பக்கம்?

இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர் பிறகு தானே வரும்.

பகைவர்

நுண்குஞ்சு ஏறத்தாழ 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. நாற்றங்காலில் 15 முதல் 20 நாட்களில் 25 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. இந்த மூன்று வார காலமே பேரபாயம் நிறைந்தது.

மல்லாந்த நிலையில், இரு நீண்ட கால்களைத் துடுப்பாக வீசி நீந்தும் சிறு பூச்சி குஞ்சுகளைக் குத்தி உறிஞ்சுவது. வாலில் நீண்ட குழலுடன், முன்கால்களை இடுக்கி போல் மடித்து வைத்திருப்பது நீர்த்தேள். குச்சி போல் நீண்டிருப்பது அதன் உறவினம். வழவழப்பான முட்டை வடிவ நீர்வண்டும், அதன் வளைந்த தாடையுடைய புழுவும் பெருந்தீனிக்காரர்கள். இவை அனைத்தும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைப் பெறுபவை. இக்குறிப்பை நினைவில் வைத்தல் வேண்டும். இவற்றை அடக்கும் வழி இதில்தான் உள்ளது.

தட்டானின் இளம் பருவம் இதற்கு விலக்கு. பழுப்பு நிறமும் பெரிய கண்களும் உடைய அது, அடிச் சேற்றில் அசையாது கிடந்து, முகத்தின் கீழ் மடித்து வைத்துள்ள உதட்டைச் சட்டென நீட்டி இரையைப் பற்றும். மேலே வந்து மூச்சு விடுவதில்லை. குடலின் பின்பகுதியில் உள்ள செவுள்களாலேயே சுவாசிக்கும். உடல் மெலிந்து, வாலில் இலை போன்ற மூன்று செவுள்கள் இருப்பின் அது ஊசித் தட்டானின் இளம் பருவம்.

மீனின் தோலில் தட்டையான வட்டப் பொட்டுப் போல் ஒட்டி, தொட்டால் நகர்ந்து ஓடுவது மீன் பேன். நூல் போல் தொங்கி, முனையில் இரு முட்டைப் பைகளுடன் இருப்பது நங்கூரப் புழு. அதன் தலை தசைக்குள் நங்கூரம் போல் பதிந்திருக்கும். பிடுங்கினால் தலை உள்ளேயே அறுந்து நின்று புண்ணாகும். இவ்விரண்டுக்கும் மருந்தை மீன்வளத் துறை அலுவலர் கூறும் அளவிலேயே இடுதல் வேண்டும்.

நத்தைகள்

நத்தையைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. எந்த நத்தை என்று பார்க்க வேண்டும். ஆட்டுக்கொம்பு போல் தட்டையாகச் சுருண்ட நத்தையில் கால்நடைகளைப் பீடிக்கும் இரத்தத் தட்டைப்புழுக்களின் இளம் பருவம் வளர்கிறது. அவற்றுள் ஒரு வகைப் புழு மாட்டின் மூக்கில் தங்கி, மூச்சடைத்துக் குறட்டை விடச் செய்கிறது. இந்நத்தை மிகுந்த நீரில் இறங்குவோருக்கும் தோலில் அரிப்பு உண்டாகலாம். ஆகவே மாடு நீர் அருந்தும் குட்டையில் இதைப் பெருக விடலாகாது.

சிறிய, மெல்லிய ஓடுடைய மற்றொரு நத்தை வட அமெரிக்காவிலிருந்து அழகு மீன் வாணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. அதை அறிய எளிய குறி ஒன்று உண்டு. கூர்முனை மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால் வாய் இடப்பக்கம் அமையும். நாம் அரிதென்று போற்றும் வலம்புரிச் சங்கின் சுற்றும் இத்தகையதே! சங்கில் அரிதாகக் காணும் அச்சுற்று இந்நத்தையில் என்றும் உள்ள இயல்பு. இது குஞ்சைத் தின்பதில்லை. பாசியையும் அழுகலையும் தின்பது.

மீன் வடிவில் வரும் அன்னியர்

செந்நிறக் குஞ்சுகள் பந்து போல் திரண்டு, தாய் தந்தையின் காவலில் சுற்றினால் அவை விரால் குஞ்சுகள். விரால் நம் நாட்டு மீன், நல்ல உணவு. ஆனால் கெண்டை நாற்றங்காலில் அதற்கு இடமில்லை.

1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன், முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் எங்கும் விரைவில் பெருகிவிட்டது. அண்மைக் காலத்தில் தமிழகத்தின் நீர்நிலைகள் பலவற்றில் காணப்படும் மற்றோர் அன்னியன், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீனின் உடல் முழுதும் எலும்புத் தகடுகளாலான கவசம். வாய் தலையின் அடியில் வட்டமாக இருக்கும். உண்பாரில்லை, வலையைக் கிழிக்கும். அதனினும் கேடு, ஆண்மீன் முட்டையைக் காக்கக் கரையில் வளை தோண்டுவதாகும். மண்கரையை நம்பி நிற்கும் ஏரிக்கு இது சிறு தீங்கன்று.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்திய அரசு தடை விதித்துள்ளது. அதையும் நம் நாட்டுக் கெளுத்தியையும் குஞ்சுப் பருவத்தில் பிரித்தறிதல் பழகியவர்க்கும் கடினம். ஐயம் எழுந்தால் விலைக்கு வாங்குமுன் அலுவலரிடம் காட்டுக.

நண்பர்

சீசாவில் வெண்புள்ளிகள் போல் துள்ளித் துள்ளி நீந்துபவை நீர்த்தெள்ளுப் பூச்சிகள். இவையே நுண்குஞ்சின் இயற்கை உணவு. இவை மிகுந்திருப்பது குட்டை நன்கு தயாரானதற்கு அடையாளம். சேற்றில் நெளியும் சிவந்த மெல்லிய புழுக்கள் கொசுவை ஒத்த, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம் பருவம். வளர்ந்த குஞ்சுக்கு அவை நல்ல தீனி. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தில் உலவும் சிறு மீன் கொசுப் புழுவைத் தின்னும் நம் நாட்டு மீன். நாற்றங்காலில் இராமல் ஏரியிலும் குளத்திலும் வாழ வேண்டியது.

செய்ய வேண்டியவை

குட்டையில் நீர் வற்றாதிருப்பின், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பே ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டால், வேண்டாத மீன்கள் மடியும். பின்னர் அதுவே உரமாகும். அதன் நஞ்சு தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதை மறவாதீர். வற்றும் குட்டையாயின் வெயிலில் நன்கு காய விட்டு, குஞ்சு விடுவதற்குச் சில நாட்கள் முன்பு மட்டும் நீர் நிரப்புவது நலம். நீர் நிரம்பி வெறுமனே கிடக்கும் ஒவ்வொரு நாளும் தட்டானுக்கும் வண்டுக்கும் அழைப்பு விடுத்தது போலாகும்.

குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு சோப்பு எண்ணெய்க் கலவை தெளிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 56 கிலோ தாவர எண்ணெயும் 18 கிலோ துணி சோப்பும் தேவை. ஐந்து சென்ட் குட்டைக்கு எண்ணெய் சுமார் 1,100 கிராம், சோப்பு சுமார் 360 கிராம் போதும். சோப்பை நீரில் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிக் காற்றில்லா வேளையில் தெளிக்கவும். நீர்மட்டத்தில் படரும் மெல்லிய படலம், மேலே வந்து மூச்சு விடும் பூச்சிகளின் சுவாசத் துளைகளை அடைத்துக் கொல்லும். அடியில் கிடந்து சுவாசிக்கும் தட்டான் குஞ்சுக்கு இது பயன்படாது. அதைச் சிறுகண் வலையால் அரித்தே அகற்ற வேண்டும்.

பையைக் கால் மணி நேரம் குட்டை நீரில் மிதக்க விட்டு, வெப்பம் சமமான பின், குஞ்சுகளை ஹாப்பா என்னும் துணித் தொட்டியில் விட்டுப் பார்த்துப் பிறகு குட்டைக்கு மாற்றுக. பையின் நீரைக் குட்டையில் ஊற்றாமல் கரைக்கு அப்பால் உலர்ந்த மண்ணில் கொட்டுக. அழகு மீனையோ தொட்டிச் செடியையோ எக்காரணத்தாலும் ஏரியில் விடாதீர். வளர்க்க இயலாவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பது முறை.

எதுவென்று தெரியாத உயிர் கிடைத்தால் தெளிவான படம் எடுத்து, கண்ட இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுக. 1916ஆம் ஆண்டு தோன்றிய இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. உயிரினங்களை இனங்காண்பதே அத்துறையின் பணி.

மீண்டும் அந்தக் குட்டைக்கு

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். மூத்தவரின் சீசாவில் இருந்தவை நான்கு. துள்ளும் வெண்புள்ளிகள், மல்லாந்து நீந்தும் பூச்சி, அடியில் கிடக்கும் பழுப்பு நிறத் தட்டான் குஞ்சு, கொம்பு போல் சுருண்ட நத்தை. பூச்சி மருந்தைக் கலந்திருந்தால் முதலில் மடிந்திருப்பவை குஞ்சின் உணவான வெண்புள்ளிகளே; எஞ்சிய குஞ்சுகளும் தப்பியிரா. உண்மையான திருடர் இருவர்தாம். குஞ்சு விட்டாகிவிட்டதால் சோப்பு எண்ணெய்க் கலவைக்குரிய வேளை கடந்துவிட்டது. இனிக் காலையிலும் மாலையிலும் மென்மையாக வலையிட்டு அவ்விருவரையும் பொறுக்கி எடுப்பதே வழி. நத்தைகளைக் கையுறை அணிந்து சேகரித்து ஆழப் புதைக்க வேண்டும். போன குஞ்சுகள் போனவையே. ஆயினும் எஞ்சியவை பிழைக்கும். அடுத்த ஈட்டில் நீர் நிரப்பும் நாளையும் குழுவினர் சரியாகக் குறிப்பார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியைக் காக்க வாரியம் அமைத்த ஊர்கள் நம் ஊர்கள். கிராம சபை கூடும்போது கரை, மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றோடு, ‘இவ்வாண்டு ஏரியில் புதிதாகக் கண்ட உயிர் எது?’ என்ற கேள்வியையும் கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின், கேடு பரவுமுன் அறியலாம்.

பயிற்சி வினாக்கள்

1. அறியாத உயிர்கள் குட்டைக்குள் நுழையும் நான்கு வழிகள் யாவை? உங்கள் ஊரில் எவ்வழி மிகுதி?
2. சோப்பு எண்ணெய்க் கலவையால் நீர்வண்டு மடிகிறது. தட்டான் குஞ்சு மடிவதில்லை. காரணம் என்ன?
3. உங்கள் குட்டையிலிருந்து ஒரு நத்தையை எடுத்து, அதன் சுற்று எப்பக்கம் என்று கண்டு எழுதுக.
4. பத்து சென்ட் நாற்றங்காலுக்கு எண்ணெயும் சோப்பும் எவ்வளவு வேண்டும்?
5. நாற்றங்காலில் வெண்புள்ளிகள் துள்ளுவதைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏன்?